கடல் இல்லாத ஊரின் கடற்பேய்கள்

கண்டியிலிருந்து எந்தப் பக்கம் புறப்பட்டாலும் கடலைப் பார்க்க மூன்று மணிநேரத்துக்குக் குறையாது. ஊருக்குள் இருக்கும் ஒரே பெரிய நீர்ப்பரப்பு, ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் வயல்வெளியை மறித்துக் கட்டிய வாவி. சிங்களத்தில் அதற்குப் பாற்கடல் என்று பெயர். கரையோரச் சுவரை அலை அலையாக வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். அலை சுவரில்தான், தண்ணீரில் இல்லை. இப்படியோர் ஊரில் இருந்துகொண்டு கடல் திகில் கதைகளைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்கலாம். கடலைக் கண்டு நடுங்கும் கதை கடலோடியின் கதையே அல்ல என்பது என் கட்சி. அது பயணியின் கதை. சுக்கான் கையில் இல்லாதவன், காற்றின் பெயர் தெரியாதவன், எங்கே போகிறோம் என்று பிறர் சொல்லக் கேட்டு ஏறியவன், அவனுக்குத்தான் கடல் பேயாகத் தெரியும். தமிழர்களில் அப்படி ஏற்றி வரப்பட்ட பெருங்கூட்டம் ஒன்று வந்து சேர்ந்த நாட்டைத்தான் இராமநாதபுரத்திலும் புதுக்கோட்டையிலும் கண்டிச்சீமை என்றார்கள்.

ஆங்கிலத்தில் இந்த வகையின் உச்சம் என்று பலரும் சொல்லும் கதையை எடுத்துக்கொள்வோம். வில்லியம் ஹோப் ஹொட்சன் 1907இல் எழுதிய ‘இரவில் ஒரு குரல்’. காற்று விழுந்து, அசைவற்று நிற்கிற பாய்க்கப்பல் ஒன்றை இருட்டில் ஒரு சிறு படகு நெருங்குகிறது. படகில் இருப்பவன் சாப்பாடு கேட்கிறான். விளக்கை மட்டும் காட்ட வேண்டாம் என்று கெஞ்சுகிறான். பெட்டியில் வைத்து மிதக்கவிட்ட உணவை எடுத்துக்கொண்டு போனவன், பிறகு திரும்பி வந்து நடந்ததைச் சொல்கிறான். அவனும் அவன் மணக்கவிருந்த பெண்ணும் ஒரு கப்பலில் பயணிகள். கப்பல் தாழத் தொடங்கியதும் மாலுமிகள் படகுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இவர்கள் இருவரும் விடப்பட்டார்கள். பிறகு ஒதுங்கிய இடத்தில் எங்கும் பூத்துக் கிடந்த சாம்பல் நிறக் காளான் கொஞ்சம் கொஞ்சமாக அவர்கள் உடம்பிலும் பூக்கிறது. வாசகர்களின் நினைவில் நிற்பது காளான்தான். 1963இல் ஜப்பானில் இதைத் தழுவிப் படம் எடுத்தவர்களும் காளானைத்தான் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் அந்தக் காளான் முளைப்பதற்கு முதலில் மாலுமிகள் படகோடு போயாக வேண்டும். ஹொட்சனே சில ஆண்டுகள் கப்பலில் வேலை பார்த்தவர்தானே என்று மறுக்கலாம். உண்மை. சிறுவனாகக் கப்பலேறியவர், அந்த வேலையை வெறுத்துக் கரையேறி, தான் ஏன் கடலில் இல்லை என்று 1905இல் ஒரு கட்டுரையே எழுதினார். கரைக்கு வந்த பிறகு எழுதிய கதைகள் இவை. இதே காலத்துக்குச் சற்று முன் வந்த மேரியன் கிராஃபர்டின் ‘மேல் படுக்கை’ கதையிலும் சொல்பவன் பயணிதான். 105ஆம் இலக்க அறையின் வட்டச் சன்னல் எத்தனை முறை இறுக்கி மூடினாலும் இரவில் தானே திறந்துகொள்கிறது. மேல் படுக்கையில் ஈரமாக ஏதோ கிடக்கிறது. பணம் கொடுத்து வாங்கிய ஓர் அறைக்குள் நடக்கும் பயம் அது.

மேல்நாட்டுச் சரக்கு இது, நமக்கு எதற்கு என்பவர்களுக்குப் பாலி மொழியிலிருந்தே பதில் இருக்கிறது. ஜாதகக் கதைகளில் 196ஆவதாக எண்ணப்படும் வலாகஸ்ஸ ஜாதகம் இலங்கைக் கரையில் நடக்கும் திகில் கதை. இரண்டாயிரம் ஆண்டுப் பழைமையைத் தொடும் மரபு அதற்கு உண்டு. கப்பல் உடைந்து ஐந்நூறு வணிகர்கள் தாம்பபண்ணித் தீவில் ஒதுங்குகிறார்கள். சிரிசவத்து என்ற நகரத்து யட்சிகள் இடுப்பில் பிள்ளையோடு எதிரே வருகிறார்கள். தூரத்தில் உழவர்கள் ஏர் ஓட்டுவது போலவும் மாடு மேய்வது போலவும் தோற்றம் காட்டுகிறார்கள். எங்கள் கணவன்மாரும் கடலுக்குப் போனவர்கள்தான், திரும்பவில்லை என்கிறார்கள். வணிகர்கள் நம்பிக் குடியிருக்கிறார்கள். ஓர் இரவு மூத்த வணிகன் பக்கத்தில் படுத்திருப்பவளின் உடம்பைத் தொடுகிறான், சில்லென்று இருக்கிறது. முன்பு பிடிபட்டுச் சிறையில் கிடந்தவர்களைத் தின்றுவிட்டு அப்போதுதான் வந்து படுத்திருக்கிறாள். அந்தக் குளிர்ந்த உடம்பு ஒன்று போதும், இதை எழுதியவருக்குத் திகில் கதையின் தொழில் தெரியும் என்று சொல்ல. பறக்கும் குதிரையை நம்பி ஏறிய பாதிப்பேர் தப்புகிறார்கள். நம்பாத பாதிப்பேர் இரையாகிறார்கள். அஜந்தாவின் 17ஆம் குகையில் இதன் இன்னொரு வடிவம் சுவர் நிறைய வரையப்பட்டிருக்கிறது. இங்கும் அகப்பட்டவர்கள் வணிகர்கள், அதாவது கப்பலில் சரக்கோடு சரக்காக வந்தவர்கள். மணிமேகலையில் கப்பல் உடைந்து, மனிதரைத் தின்னும் நாகர் மலையில் ஒதுங்கும் சாதுவனும் வணிகன். அவன் தப்பியது நாகர் பாஷை பேசத் தெரிந்ததால். தெரியாதிருந்தால் காப்பியத்துக்குள் ஒரு நல்ல திகில் கதை கிடைத்திருக்கும்.

கடலுக்கு நாள்தோறும் போகிறவனுக்கா பயம் தெரியாது என்பது வலுவான கேள்வி. மன்னாரிலும் முல்லைத்தீவிலும் நீர்கொழும்பிலும் போய்க் கேட்டால், கடலில் போனவர்களின் பெயர் சொல்லாத வீடு அரிது. ஆனால் அந்தப் பயத்துக்கு உருப்படிகள் உண்டு. வாடை, கச்சான், சோளகம், கொண்டல் என்று காற்றுக்குப் பெயர் இருக்கிறது. எது எந்த மாதத்தில் எழும், எழுந்தால் பாயை என்ன செய்வது என்பதற்கு விடை இருக்கிறது. விடை தப்பினால் சாவு, அது வேறு விஷயம். செங்கை ஆழியான் 1973இல் ‘வாடைக்காற்று’ நாவலை எழுதியபோது கடலை வேலைத்தலமாகத்தான் வைத்தார், மோதல் மனிதர்களுக்குள். ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ கடலில் தத்தளிப்பவர்களைப் பக்கத்தில் நின்று காட்டுகிறது. படிக்கும்போது நெஞ்சு அடைக்கும், ஆனால் அது துயரம்; கடல் அங்கே அந்நியமாக இல்லை. எட்கர் ஆலன் போ இந்த வேறுபாட்டை 1841இலேயே ஒரே கதைக்குள் வைத்துக் காட்டிவிட்டார். நோர்வேக் கரையில் ராட்சச நீர்ச்சுழியில் அகப்பட்ட மீனவன், சுழிக்குள் எந்த வடிவப் பொருள் மெதுவாக இறங்குகிறது என்று கவனித்து, பீப்பாயோடு தன்னைக் கட்டிக்கொண்டு குதித்துத் தப்புகிறான். பயத்தில் படகை இறுகப் பிடித்துக்கொண்ட அண்ணன் படகோடு போகிறான். கவனிப்பு தொடங்கிய இடத்தில் திகில் அறுந்துவிடுகிறது.

இப்போது கண்டிச்சீமைக்கு வருவோம். கம்பளைக்கு அருகே சிங்கப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் 1824இல் கோப்பித் தோட்டம் போட்டார். அதைத் தொடர்ந்து கண்டியைச் சுற்றிய மலைகள் கோப்பியாயின. 1867இல் ஹேவாஹெட்டைப் பக்கம் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டார். 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை முடித்துவைத்தது. இரண்டுக்கும் ஆள் வந்தது பாக்கு நீரிணையைத் தாண்டித்தான். கங்காணி முன்பணம் கொடுத்து ஊரிலிருந்து கூட்டி வருவார். தோணியில் அடைத்து மன்னார்க் கரையில் இறக்குவார்கள். அங்கிருந்து காட்டுவழி நடந்து தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டி. வந்தவர்களில் பெரும்பாலோர் வானம்பார்த்த பூமிக்காரர்கள், கண்மாயைத் தவிர வேறு தண்ணீர் அறியாதவர்கள். 1864இல் ‘ஆதிலட்சுமி’ என்ற கப்பல் 120 தொழிலாளரோடு மூழ்கியதை மலையக வரலாறு எழுதுகிறவர்கள் தவறாமல் குறிப்பிடுவார்கள். கப்பலுக்குப் பெயர் இருக்கிறது, ஆட்களுக்குத் தொகை மட்டும்தான். கடலைவிடக் காட்டுவழிதானே அதிகம் பேரைத் தின்றது என்று ஒருவர் திருப்பிக் கேட்டால் அதில் நியாயம் உண்டு. வாந்திபேதியிலும் அம்மையிலும் பசியிலும் அந்தப் பாதையில் செத்தவர்கள் ஏராளம். 1840களில் மட்டும் எழுபதாயிரம் பேர் என்று 1849இல் ஒரு கொழும்புப் பத்திரிகை எழுதியது, மிகை என்பாரும் உண்டு. ஆனால் காட்டில் கால் அவர்களுடையது. உட்காரலாம், ஒதுங்கலாம், திரும்பி ஓடக்கூடப் பார்க்கலாம். தோணியில் அதற்கும் வழி இல்லை. சாவின் எண்ணிக்கையைக் கொண்டு திகிலை அளக்க முடியாது.

வேலையாகப் பழகிய இடத்தில் பயம் திகிலாவதில்லை என்பதற்குத் தோட்டத்து நம்பிக்கைகளே சான்று. தேயிலைத் தொழிற்சாலைச் சக்கரத்துக்கு ரோதை முனி என்று ஒரு காவல் தெய்வத்தை மலையக மக்கள் உண்டாக்கினார்கள். செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக்கு ஒரு கவ்வாத்துச் சாமி. கையைக் கவ்வும் இயந்திரம், காலைப் பதம்பார்க்கும் கத்தி, இவற்றோடு தினமும் பழகியவர்கள் பயத்துக்கு ஓர் இடமும் படையலும் ஏற்படுத்திக்கொண்டார்கள். தோட்டத்துச் சாமிகளின் வரிசையில் கடலுக்குரியது என்று எதுவும் பேர் பெறவில்லை. கடலில் அவர்களுக்கு வேலை இல்லை, ஆகவே அங்கே பயத்தைச் சாமியாக்க முடியவில்லை. எழுத்திலும் அதே வெற்றிடம். என்.எஸ்.எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ முதல் தெளிவத்தை ஜோசப்பின் கதைகள் வரை மலையகச் சிறுகதை பெரும்பாலும் மலையிலும் லயத்திலும் நிற்கிறது. நிற்க வேண்டிய இடமும் அதுதான். கூலி, பெரட்டு எனும் காலை ஆள்கணக்கு, குடியுரிமை என்று கழுத்தை நெரிக்கும் காரியங்கள் இருக்கும்போது பேய்க்கதை யாருக்கு வேண்டும் என்று அந்தத் தலைமுறை நினைத்திருந்தால் அதில் குற்றம் காண முடியாது. ஆனால் நடப்பியல் எழுத்துக்குத் தகவல் வேண்டும். ஆதிலட்சுமியின் 120 பேர் என்ன நினைத்தார்கள் என்பதற்கு எந்தக் கடுதாசியும் இல்லை. தகவல் அற்றுப்போன அந்த இடத்தில் திகில் கதைக்கு உரிமை உண்டு.

செத்தவர்களை வைத்துக் கிச்சுக்கிச்சு மூட்டுவது அசிங்கம் என்ற மறுப்பைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமியில், இலங்கையின் தென்கரையில் பெரலியவில் கடல் புரட்டிப்போட்ட புகையிரதத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதை வைத்து ஒருவர் பேய்க்கதை எழுதினால் முதலில் கோபம்தான் வரும். தனுஷ்கோடியில் இந்த அசிங்கம் ஏற்கெனவே நடக்கிறது. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் பாம்பனிலிருந்து போன ரயில் நூற்றுக்கு மேற்பட்டோரோடு கடலில் போனது, ஊரே அழிந்தது. இன்று அங்கே வரும் சுற்றுலாக்காரர்களுக்குப் பேய் நகரம் என்று சொல்லிச் சங்கு மாலை விற்கிறார்கள். அங்கே பேய் என்ற சொல்லுக்கு ஆள் இல்லை, வெறும் அலங்காரம். ஹொட்சனின் கதையில் இருட்டிலிருந்து பேசுகிறவனுக்கோ பசி இருக்கிறது, வெட்கம் இருக்கிறது, காத்திருக்கும் ஒருத்தி இருக்கிறாள். செத்தவர்களைப் பேசவிடும் கதையும் அவர்களைக் காட்சிப்பொருளாக்கும் கதையும் ஒன்றல்ல. இரண்டாவதை எழுதுவது சுலபம் என்பதால் அதுதான் நிறைய வரும், அதை மறுக்கவில்லை.

மலையகத்துக்கு இன்னொரு கடற்பயணமும் உண்டு, எதிர்த்திசையில். தனுஷ்கோடிப் புயலுக்கு ஏறக்குறைய இரண்டு மாதங்களுக்கு முன்புதான் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. குடியுரிமையற்ற மலையக மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவு. தனுஷ்கோடித் துறை இல்லாமற் போனதால் கப்பல் தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குப் போயிற்று. ‘இராமானுஜம்’ கப்பலில் ஏறியவர்களில் பலர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். கடலை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள். தாத்தாவுக்காவது திரும்பிப் போக ஓர் ஊர் இருந்தது. பேரனுக்குக் கடவுச்சீட்டில் எழுதப்பட்ட ஊர், அவன் கால் படாத ஊர். இந்தியாவில் இறங்கியவர்களில் ஒரு பகுதியினருக்கு நீலகிரியில் வேலை கிடைத்தது; தாயகம் திரும்புவோருக்கென்றே தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் அவை. ஒரு தேயிலை மலையிலிருந்து இன்னொரு தேயிலை மலைக்கு, நடுவில் சில மணிநேரக் கடல். 1980களின் நடுவில் கப்பல் நின்றது. அன்று அதில் ஏறிய சிறுபிள்ளைகளுக்கு இப்போது ஐம்பது, அறுபது வயதாகிறது; கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருக்கிறார்கள். ஆதிலட்சுமிக்காரர்களைப் போலன்றி இவர்களைப் போய்க் கேட்கலாம்.