13 வாரத்துக்கு ஓர் ஆஸ்பத்திரி: சித்தூர் நர்சின் அனுபவம்

"ஓர் ஊசி குறைகிறது, டாக்டர்."

நோயாளியின் நெஞ்சு திறந்து கிடக்கிறது. நின்றிருந்த இருதயம் மீண்டும் துடிக்கத் தொடங்கிவிட்டது. நெஞ்செலும்பைச் சேர்த்துக் கட்ட டாக்டர் கம்பி கேட்கிறார். அந்த நேரத்தில்தான் நர்சு இப்படிச் சொல்கிறார். அந்த ஆஸ்பத்திரியில் அவருக்கு அன்று மூன்றாவது நாள். அங்கே இருப்பவர்களில் பாதிப்பேரின் பெயர்கூட அவருக்குத் தெரியாது.

இது நடந்தது அமெரிக்காவில். சொன்னவர் சித்தூர்க்காரர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, தியேட்டரில் ஆங்கிலம் என்று மூன்று பாஷைகளில் வளர்ந்தவர். நர்சிங் முடித்து, திருப்பதிப் பக்கத்திலும் சென்னையிலும் இருதய ஆபரேஷன் தியேட்டர்களில் பல வருடம் வேலை பார்த்துவிட்டுக் கடல் கடந்தவர். ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் கிடைத்த இடைவெளியில் தாயாரைப் பார்க்க வந்திருந்தார். பெயரோ ஆஸ்பத்திரிகளின் பெயரோ வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆகவே இந்தக் கட்டுரையில் அவர் வெறும் "சிஸ்டர்"தான்.

இப்போது அவர் பார்க்கும் வேலைக்கு "டிராவல் நர்சு" என்று பெயர். அமெரிக்காவில் நர்சு பற்றாக்குறை ஏற்பட்ட ஆஸ்பத்திரி ஓர் ஏஜென்சியிடம் கேட்கும். ஏஜென்சி வேறு ஊரிலிருந்து ஆள் அனுப்பும். ஒப்பந்தம் பெரும்பாலும் 13 வாரம். அது முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊர். 1970-களின் கடைசியில் நியூ ஆர்லியன்ஸ் நகரத் திருவிழாக் கூட்டத்தைச் சமாளிக்க வெளியூர் நர்சுகளை வரவழைத்ததில்தான் இந்தப் பழக்கம் வேர் பிடித்தது என்று சொல்வார்கள். திருமலை பிரம்மோற்சவத்துக்கு வெளி மாவட்டப் போலீஸ் வருகிறதல்லவா, ஏறக்குறைய அதே கதைதான். கொரோனா காலத்தில் 2020, 2021-ல் இவர்களுடைய சம்பளம் கிடுகிடுவென்று ஏறியது. பிறகு இறங்கிவிட்டது.

நம் பெண்கள் நினைத்தவுடன் இந்த வேலைக்குப் போய்விட முடியாது. "என்கிளெக்ஸ்" என்ற தேர்வு எழுத வேண்டும். ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். விசாவுக்கு ஆண்டுக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டும். போன பிறகும், அழைத்துக்கொண்ட நிறுவனத்திடம் இரண்டு மூன்று ஆண்டுகள் ஒப்பந்தப்படி ஒரே இடத்தில் வேலை பார்ப்பதுதான் வழக்கம். அதற்கப்புறந்தான் ஊர் ஊராகப் போகும் சுதந்திரம். அங்கே 40-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஒன்று சேர்ந்து ஒரே லைசென்சை ஏற்றுக்கொள்கின்றன. இங்கே சித்தூரில் படித்து ஆந்திர கவுன்சிலில் பதிவு செய்த நர்சு, 35 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வேலூரில் வேலைக்குச் சேர தமிழ்நாடு கவுன்சிலிலும் பதிய வேண்டும். இதைச் சொல்லி சிஸ்டர் சிரித்தார்.

இருதயம் நிற்கும் நேரம்

இருதய ஆபரேஷனில் நர்சுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. கத்தரி எடுத்துக் கொடுப்பதுதானே என்று நினைக்கிறார்கள்.

1953-ம் ஆண்டு மே மாதம் பிலடெல்பியாவில் டாக்டர் கிப்பன், இருதயமும் நுரையீரலும் செய்கிற வேலையை ஓர் இயந்திரத்திடம் ஒப்படைத்து 18 வயதுப் பெண்ணின் இருதயத்தில் இருந்த ஓட்டையை அடைத்தார். இன்றும் அடிப்படை முறை அதுதான். ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் மருந்து கொடுக்கிறார்கள். குழாய்கள் பொருத்தி ரத்தத்தை இயந்திரத்துக்குத் திருப்புகிறார்கள். மகாதமனியில் கிளாம்ப் போட்டு, பொட்டாசியம் கலந்த கரைசலைச் செலுத்தி இருதயத்தை நிறுத்துகிறார்கள். அந்த நிமிடம் முதல் கடிகாரம்தான் எஜமான். நர்சு தேடிக்கொண்டு நிற்கும் ஒவ்வொரு விநாடியும் நின்றுபோன இருதயத்தின் கணக்கில் ஏறுகிறது.

பைபாஸ் தையலுக்கு 7-0 என்ற நூல். தலைமயிர் கனம்தான் இருக்கும். அதன் நுனியில் வளைந்த ஒரு குட்டி ஊசி. வால்வு மாற்றுவதென்றால் பச்சையும் வெள்ளையுமாக மாறி மாறி நூல்கள். வரிசை தப்பினால் எந்த முனை எதனோடு சேரும் என்பதே குழம்பிவிடும். வால்வைப் பிரிக்குமுன் அளவையும் நம்பரையும் உரக்கப் படிக்க வேண்டும். இருதயம் சரியாகத் துடிக்கவில்லையென்றால், கரண்டி போன்ற இரண்டு தகடுகளை இருதயத்தின் மேலேயே வைத்து மின்சாரம் கொடுப்பார்கள். நெஞ்சுக்கு வெளியே வைத்தால் 150, 200 ஜூல் தேவைப்படும். உள்ளே 10, 20 போதும். அந்தத் தகடுகள் எந்த அலமாரியில் இருக்கின்றன? பழைய நர்சுக்கு அது தானாக வரும். புது நர்சு அதைக் கேட்டுத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

"டிபேக்கி ஃபோர்செப்ஸ் எந்த ஊரிலும் டிபேக்கிதான். ஆனால் ஒரு டாக்டர் பெயர் சொல்லாமல் கையை மட்டும் நீட்டுவார். அவருக்கு அப்போது என்ன வேண்டும் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை" என்றார் சிஸ்டர். ஒவ்வொரு டாக்டருக்கும் ஒரு கார்டு எழுதி வைத்திருப்பார்களாம். அதை நம்பிப் போனால், டாக்டர் போன வருடமே பழக்கத்தை மாற்றிக்கொண்டிருப்பாராம்.

நம் பக்கத்து நிலவரம்

வேலூர் சி.எம்.சி.யில் 1961-லேயே திறந்த இருதய ஆபரேஷன் நடந்தது. சித்தூர் மாவட்டத்துக்காரர்கள் வெகு காலமாக அங்கேதான் ஓடினார்கள். அதே சி.எம்.சி.யின் சித்தூர் வளாகம் இப்போது குடிபாலா மண்டலத்தில் இருக்கிறது. திருப்பதியில் தேவஸ்தானத்தின் ஆதரவில் ஸ்விம்ஸ் ஆஸ்பத்திரி 1993-ல் செயல்படத் தொடங்கியது. 2021 அக்டோபரில் குழந்தைகளுக்கென்றே ஸ்ரீ பத்மாவதி இருதயாலயம் திறக்கப்பட்டது. 2023-ல் அங்கே இருதய மாற்று ஆபரேஷனும் நடந்தது. பச்சைக் குழந்தையின் இருதயம் அதன் மூடிய கைப்பிடி அளவுதான். பெரியவர்கள் தியேட்டரில் பத்து வருடம் நின்ற நர்சும் அங்கே போனால் மறுபடி பாடம் படிக்க வேண்டியிருக்கும்.

நம் நாட்டில் டிராவல் நர்சு என்ற பெயர் இல்லையே தவிர, அந்த வேலை ஓரளவு இருக்கத்தான் செய்கிறது. சிறிய ஊர் ஆஸ்பத்திரிக்கு ஆபரேஷன் செய்யப் போகும் சில இருதய நிபுணர்கள், இயந்திரத்தை இயக்குபவரையும் பழகிய நர்சையும் தங்கள் காரிலேயே அழைத்துப் போகிறார்கள். டாக்டரின் கை தெரிந்த நர்சு பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் காரணம். அமெரிக்காவில் நர்சு தனியாகப் போகிறார். இங்கே குழுவே பயணம் செய்கிறது. இங்குள்ள முறையே நல்லது என்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் குழு திரும்பிய பிறகு, இரவு இரண்டு மணிக்கு நோயாளிக்கு ரத்தம் கசிந்து நெஞ்சை மறுபடி திறக்க வேண்டி வந்தால் பக்கத்தில் நிற்பவர் உள்ளூர் நர்சுதான். அவருக்கு யார் பழக்கிக் கொடுத்தார்கள் என்று கேட்கத்தான் வேண்டும்.

கையெழுத்துப் போட்ட இரவு

ஊசி விஷயத்துக்கு வருவோம். சிஸ்டர் சொன்னதும் தியேட்டரில் ஒரே மௌனம். டாக்டர் எரிச்சலோடு பார்த்தார். மறுபடி எண்ணினார்கள். ஒன்று குறைந்தது. விரிப்புகளை உதறினார்கள். தரையில் காந்தக் கட்டையை ஓட்டினார்கள். எக்ஸ்ரே எடுக்கலாம், ஆனால் அவ்வளவு சிறிய ஊசி படத்தில் தெரியாமல் போவதும் உண்டு. 20 நிமிடம் கழித்து உதவி டாக்டரின் காலுறைக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது கிடைத்தது.

"டாக்டர் பாராட்டினாரா?" என்று கேட்டோம்.

"அடுத்த கேசுக்கு நேரமாகிவிட்டது என்றார்."

"இதையே இங்கே, வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது நாளில் சொல்லியிருப்பீர்களா?"

சிஸ்டர் உடனே பதில் சொல்லவில்லை. காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"முதல் வருடம் ஒரு தியேட்டரில் ரத்தம் ஒற்றும் துணி ஒன்று குறைந்தது. மெதுவாகச் சொன்னேன். 'நீ தப்பாக எண்ணியிருப்பாய், கையெழுத்துப் போடு' என்றார்கள். போட்டுவிட்டேன். நெஞ்சை மூடிவிட்டார்கள். ராத்திரி அழுக்குத் துணிக் கூடையைக் கொட்டிப் பார்த்தபோது அதில் கிடைத்தது. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கூடையைக் கொட்டும் வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இன்றைக்கும் கையெழுத்துப் போடும்போது அந்தக் கூடை ஞாபகம் வரும்."

எந்த ஆஸ்பத்திரி என்று நாம் கேட்கவில்லை. எங்கும் நடக்கக்கூடியதுதான்.

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் ஆபரேஷன் தியேட்டர்களுக்காக 19 அம்சங்கள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டது. எண்ணிக்கை சரிபார்ப்பு அதில் இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது: கத்தி வைக்குமுன் அறையில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எட்டு நகரங்களில் இந்தப் பட்டியலைச் சோதித்துப் பார்த்தார்கள். புது டெல்லியும் அவற்றில் ஒன்று. 2009-ல் முடிவு வெளியானது. ஆபரேஷனுக்குப் பிறகு இறந்தவர்கள் நூற்றுக்கு 1.5 என்பதிலிருந்து 0.8 ஆகக் குறைந்திருந்தார்கள்.

பெயர் சொல்வதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஒரு தடவை வாய் திறந்து பெயர் சொன்னவர், ஊசி குறையும்போது மறுதடவை வாய் திறப்பது கொஞ்சம் சுலபம் என்கிறார் சிஸ்டர். தம் பெயரை அந்த ஊர்க்காரர்கள் இன்னும் சரியாகச் சொன்னதில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். நம் தியேட்டர்களிலும் பட்டியல் தாள் இருக்கிறது. வாயால் சொல்லாமல் "டிக்" மட்டும் போட்டு ஃபைலில் சேர்க்கும் பழக்கமும் இருக்கிறது. அனுபவசாலிகள் வெளிநாடு போய்க்கொண்டே இருக்கும் ஊரில் புது முகங்கள்தான் அதிகம் நிற்பார்கள். அவர்கள் வாய் திறக்க இடம் கொடுக்க வேண்டியது, அந்த அறையில் எல்லோரும் யாருக்குப் பயப்படுகிறார்களோ அவர்தான்.

பணம் வருகிறதே, பிறகென்ன என்று கேட்டதற்கு சிஸ்டர் தலையசைத்தார். இரண்டு வார நோட்டீசில் ஒப்பந்தத்தை ரத்து செய்துவிடலாமாம். வேலை இல்லாத வாரம் சம்பளம் கிடையாது. பண்டிகைக்குச் சாப்பிடக் கூப்பிட அந்த ஊரில் ஆள் கிடையாது. தாயாருக்கு இதில் ஒன்றும் புரிவதில்லை. "ஒரே ஆஸ்பத்திரியில் நிலையாக இருக்க மாட்டாயாடி?" என்பதுதான் அவர் கேட்கும் ஒரே கேள்வி.

அடுத்த வாரம் சிஸ்டர் கிளம்புகிறார். மறுபடி புது ஊர், புது தியேட்டர். முதல் நாள் என்ன செய்வீர்கள் என்றோம்.

"ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் எல்லா அலமாரிகளையும் திறந்து பார்ப்பேன். அந்தத் தகடுகள் எங்கே, நெஞ்சை மறுபடி திறக்கிற டிரே எங்கே, காந்தக் கட்டை எங்கே. பாத்ரூம் எங்கே என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்."