பல்லால் மென்று செய்த பூட்ஸ்!

எங்கு பார்த்தாலும் வெள்ளை வெளேர் என்று பனிக்கட்டி. கடலே உறைந்து தரைபோல் ஆகிவிட்டது. அதன் மேல் ஒரு வேட்டைக்காரர் கையில் ஈட்டியுடன் நிற்கிறார். அவர் காலடியில் ஒரு சிறு துளை.

அந்தத் துளைக்குக் கீழே "சீல்" என்ற கடல் விலங்கு மூச்சு விட வரும். வந்ததும் குத்த வேண்டும். எப்போது வரும்? யாருக்கும் தெரியாது. பல மணி நேரம்கூட ஆகலாம். அதுவரை அவர் அசையக் கூடாது. காலை ஒரு முறை தட்டினாலும் போதும், சத்தம் கேட்டுச் சீல் ஓடிவிடும்!

இன்யூட் மக்கள் இப்படித்தான் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி வந்தார்கள். "எஸ்கிமோக்கள்" என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அவர்கள்தான். கனடா, அலாஸ்கா, கிரீன்லாந்து ஆகிய வட பகுதிகளில் வாழ்கிறார்கள்.

அங்கே குளிர்காலத்தில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிவரை போகும். நம் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் ஐஸ் உறையும் அறையில்கூட, பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 18 டிகிரிதான்!

இந்தக் குளிரில் அசையாமல் நின்றால் என்ன ஆகும்? முதலில் கால் விரல்கள் வலிக்கும். பிறகு மரத்துப் போகும். கடைசியில் சதையே உறைந்துவிடும். விரலை வெட்டி எடுக்கவேண்டிய நிலைகூட வரலாம். அந்தக் காலத்தில் வேட்டைக்காரருக்குக் கால் போனால், குடும்பமே பட்டினிதான்.

மனைவி தைத்த காலணி

அந்தக் காலைக் காப்பாற்றியது "கமிக்" என்ற தோல் பூட்ஸ். அதைச் செய்தவர்கள் பெண்கள்.

பிறை வடிவக் கத்தியால் சீல் தோலில் உள்ள கொழுப்பைச் சுரண்டி எடுப்பார்கள். பிறகு தோலை இழுத்துக் கட்டிக் காயவைப்பார்கள். அடிப்பாகத்துக்குக் கனமான தோல் வேண்டும். அது கட்டைபோல் விறைப்பாக இருக்கும். அதைப் பல்லால் மென்று மென்று பதப்படுத்துவார்கள்! இப்படி மென்றே பல் தேய்ந்துபோன பாட்டிகள் பலர்.

தைக்கும் நூல் மானின் தசைநார். தண்ணீர் பட்டதும் அந்த நார் உப்பி, ஊசி போட்ட துளையை அடைத்துக்கொள்ளும். ஊசியும் தோலின் மறுபக்கம் வெளிவராதபடி தைப்பார்கள். அதனால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே போகாது.

பூட்ஸுக்குள்ளே மயிர்த் தோலால் ஆன காலுறை. அதற்கும் கீழே காய்ந்த புல்.

உள்ளே இருக்கும் எதிரி

புல் எதற்கு? வியர்வையை உறிஞ்சத்தான்!

குளிரில் வியர்வையா என்று கேட்கிறீர்களா? ஆம். நடக்கும்போது கால் வியர்க்கும். நின்றதும் அந்த ஈரம் சில்லிட்டுக் காலின் சூட்டைத் திருடிவிடும். ஆகவே வெளிக் குளிரைத் தடுத்தால் மட்டும் போதாது. உள்ளே ஈரம் தங்கக் கூடாது. இதுதான் இன்யூட் பெண்கள் கண்ட ரகசியம்.

வேட்டை முடிந்து வந்ததும், சீல் எண்ணெய் விளக்குக்கு மேலே பரண் கட்டிப் பூட்ஸையும் காலுறையையும் உலர்த்துவார்கள். காலையில் பூட்ஸ் விறைத்திருந்தால், மறுபடியும் மென்று இளக்கிக் கொடுப்பார்கள்.

நார்வே நாட்டு ஆமுண்ட்சென், 1903 முதல் 1905 வரை இன்யூட் மக்களின் அருகில் தங்கி, தோல் உடை அணியும் முறையைக் கற்றார். அவர்தான் 1911 டிசம்பர் 14-ந் தேதி தென் துருவத்தை முதன்முதலில் அடைந்தவர்.

இன்று எப்படித் தேர்ந்தெடுப்பது?

இன்று குளிர் நாட்டு வேட்டைக்காரர்கள் பெரும்பாலும் கடையில்தான் பூட்ஸ் வாங்குகிறார்கள். ஆனாலும் பழைய பாடம் மாறவில்லை.

பூட்ஸ் இறுக்கமாக இருக்கக் கூடாது. கனத்த கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொண்டுதான் அளவு பார்க்க வேண்டும். உள்ளே விரல்கள் தாராளமாக ஆட வேண்டும். இறுக்கினால் ரத்த ஓட்டம் குறையும்.

பருத்திக் காலுறை ஆகாது. அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கம்பளியே நல்லது.

உள்ளுறையைக் கழற்றி எடுக்க வேண்டும். அப்போதுதான் இரவில் உலர்த்த முடியும். மாற்று உள்ளுறை ஒன்றும் கையில் இருப்பது நல்லது.

நடந்து வேட்டையாடுபவருக்குக் கனம் குறைந்த பூட்ஸ் போதும். ஒரே இடத்தில் காத்திருப்பவருக்குத் தடித்த பூட்ஸ் தேவை.

ஒரு எச்சரிக்கை! மரத்துப்போன காலைப் பனியால் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் சதை கிழிந்து புண்ணாகும். உடனே கதகதப்பான இடத்துக்குப் போய், மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வேட்டையில் ஈட்டி பிடித்தவர் கணவர். அவர் இரண்டு காலோடு வீடு திரும்பியது மனைவியின் ஊசியால்தான்!