வீட்டுத் திரையிற் பழைய திகிற்படங்கள்

'நொஸ்பெராட்டு' என்னும் ஜேர்மன் மௌனப்படத்தை யான் முதன்முதலிற் கண்டது ஒரு வீடியோ நாடாவிலாகும். இரத்தங் குடிக்கும் பிரபு தன் சவப்பெட்டியைத் தானே சுமந்துகொண்டு நகரத்தினூடே செல்லும் காட்சி வந்தது. எங்கும் பளிச்சென்ற வெயில். உடனிருந்த மாணாக்கர் சிரித்தனர்; யானுஞ் சிரித்தேன். அக்காலத்தவர் எளிதில் அஞ்சுபவர் போலும் என எண்ணியதுமுண்டு. தவறு படத்தினதன்று, யாம் பார்த்த பிரதியினது என்பது பல்லாண்டு கழிந்த பின்னரே தெரிந்தது.

எப். டபிள்யூ. மூர்னோ 1922 இல் வெளியிட்ட அப்படத்தில் இராக்காட்சிகள் பல பகலொளியில் எடுக்கப்பட்டவை. இரவின் இருளிற் பரந்த வெளியைப் படம்பிடிப்பது அந்நாளைப் படச்சுருளுக்கு அரிது. ஆதலின் திரையிடும் பிரதிகளில் இராக்காட்சிகளை நீலச்சாயத்திலே தோய்த்தனர். வைகறைக்கு இளஞ்சிவப்பு ஊட்டினர். நீலத்தைக் கண்ட மாத்திரத்தே இஃது இரவென அக்காலப் பார்வையாளர் உணர்வர். சாயமின்றிக் கறுப்பு வெள்ளையிற் படியெடுத்தபோது இரவெல்லாம் பகலாயிற்று. இதனை அழகுக் குறைவு என்று மட்டும் சொல்லி விடுதல் இயலாது. கதையின் முடிவிலே அப்பிரபு காலைக் கதிரொளி பட்டு மாய்கின்றான். பட்டப்பகலில் அவன் உலாவுவதைக் கண்டவனுக்கு அம்முடிவு எங்ஙனம் பொருந்தும்? சாயம் போனவழியே கதையின் நியாயமும் போய்விட்டது.

வேகத்தினாலும் ஒரு கேடு விளைந்தது. பேசும்படம் நொடிக்கு 24 சட்டங்கள் என்னும் கணக்கில் ஓடுவது. மௌனப்படங்கட்கு அத்தகைய நிலையான அளவு இல்லை. இப்படத்திற்கு 18 அளவிற் கொள்வது பொருத்தமெனக் கருதுகின்றனர். அதனை 24 இல் ஓட்டினால் மூன்றிலொரு பங்கு விரைவு கூடி, மாந்தர் யாவரும் பொம்மைகள்போலத் துள்ளுவர். பிரபுவின் வண்டி வனத்தினூடே வரும் இடத்தில் மூர்னோ வேண்டுமென்றே இயல்பு மீறிய விரைவைக் கையாண்டுள்ளார். எல்லாமே விரைந்தோடும் நாடாவில் அந்த ஒன்றைத் தனித்துக் காண்பது எவ்வாறு?

பிராம் ஸ்டோக்கரின் 'டிராக்குலா' நாவலை அனுமதியின்றிப் படமாக்கியமைக்காக அவர் மனைவி வழக்குத் தொடுத்தார். நெகடிவும் பிரதிகளும் அழிக்கப்படல் வேண்டுமென 1925 இல் ஜேர்மன் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறநாடுகளுக்குச் சென்றிருந்த பிரதிகள் எஞ்சின. அவற்றின் படிகளும், அப்படிகளின் படிகளுமே நெடுங்காலம் உலவின. பாரிசுத் திரைப்படக் காப்பகத்திலிருந்த, சாயமூட்டிய 1922 ஆம் ஆண்டுப் பிரதியொன்றை அடிப்படையாக வைத்து லூசியானோ பெரியாத்துவா என்னும் ஸ்பானிய அறிஞர் 2005, 2006 ஆம் ஆண்டுகளிற் படத்தை மீட்டமைத்தார். அதன் இறுவட்டைப் பார்த்தபோதுதான் அன்று சிரித்தமைக்கு நாணினேன்.

திகிற்படத்துக்கு இக்கேடு மிகுதியாக வருவதற்குக் காரணம் வெளிப்படை. தொல்காப்பியர் அச்சத்தின் நிலைக்களங்கள் நான்கனுள் அணங்கினை முதலில் வைத்தார். அணங்கு முற்றுந் தெரியாமற் பாதி தெரிவதாலேயே அஞ்சப்படுவது. ஆகவே இப்படங்களின் உயிர்நாடி கருமைக்கும் அதனினுஞ் சற்றே வெளிய கருமைக்கும் இடைப்பட்ட வேறுபாட்டிலே தங்கியுள்ளது. 1976 இல் ஜப்பானில் வெளிவந்த வீ. எச். எஸ். நாடா குறுக்குவாட்டில் ஏறக்குறைய 240 கோட்டளவு நுணுக்கத்தையே காட்டவல்லது. இருட்பகுதியில் அந்நுணுக்கமும் இரைச்சற் புள்ளிகளுள் அமிழ்ந்துவிடும். 1996 இல் வந்த டி. வி. டி. இறுவட்டு இதனை மிகத் திருத்தியதாயினும், செய்தியைச் சுருக்கிப் பதிகையில் நுண்ணிய நிழல் வேறுபாடுகளை அது கைவிடுவதுண்டு. அப்போது மூடுபனி சதுரஞ் சதுரமாக உடையும். 2006 இல் வந்த புளூ-ரே வட்டு 1920க்கு 1080 புள்ளிகள் கொண்டமையின் இக்குறை பெரிதும் நீங்கிற்று. தெளிவுக்கும் ஒரு விலை உண்டு. 1931 ஆம் ஆண்டு 'டிராக்குலா'வின் கோட்டை நிலவறையில் ஓடித்திரியும் உயிர்கள் நாடாவிலே இன்னவென்று தெரியாமல் அருவருப்பூட்டின. வட்டிலோ அவை ஆர்மடில்லோ என்னும் அமெரிக்க ஓட்டு விலங்குகளென ஐயமறத் தெரிகின்றன. திரான்சில்வேனியாவுக்கு அவை வந்த வழி யாதென யாரும் கேட்கலாம்!

இனி ஒலியைப் பற்றிச் சிறிது விரித்துச் சொல்லல் வேண்டும். பழைய படங்களில் ஒலி, சுருளின் ஓரத்திலே ஒளித்தடமாகப் பதிந்துள்ளது. அதன்மீது விழுந்த ஒவ்வொரு தூசும் கீறலும் வெடிப்பொலியாகக் கேட்கும். அடியிலே ஓயாத சீறலொலி ஒன்று இருக்கும். டொட் பிறௌனிங் இயக்கிய 'டிராக்குலா'வில் தொடக்கத்திலும் இசையரங்கக் காட்சியிலும் அன்றிப் பின்னணி இசை இல்லையென்றே சொல்லலாம். பிரபு படியிறங்கி வருகையில் நாம் கேட்பது மௌனம். இறுவட்டுத் தயாரிப்போர் சிலர் அச்சீறலை வடிகட்டி நீக்க முற்பட்டனர். வடிகட்டி சீறலை மாத்திரம் பிரித்தறியாது. சகர ஒலிகளின் கூர்மையையும், மூச்சையும், ஆடையின் சரசரப்பையும் உடன்கொண்டு போய்விடும். பேச்சு வரும்போது திறந்து, பேச்சு ஓயும்போது மூடும் கருவியாயின் சீறல் ஏறியும் இறங்கியும் அலைக்கழிக்கும். நிலையான சீறலைச் சிறிது பொழுதிற் செவி மறந்துவிடும். விட்டுவிட்டு வருவதை அது மறவாது. 1999 இல் பிலிப் கிளாஸ் இப்படத்திற்குப் புதிதாக இசையமைத்தார். நல்ல இசைதான். ஆயினும் அம்மௌனத்தை நிரப்பியது வேண்டாத உதவியென்பது என் கருத்து.

ஐரோப்பாவிலும் எம் நாட்டிலும் வழங்கிய பால் முறையில் மற்றுமொரு மாற்றம் நேர்ந்தது. அம்முறை நொடிக்கு 25 சட்டங்களைக் காட்டுவதாதலின், 24 இல் எடுத்த படம் நூற்றுக்கு நான்கு பங்கு விரைவாக ஓடிற்று. 75 நிமிடப் படம் 72 நிமிடத்தில் முடிந்தது. குரலின் சுருதியும் அவ்வளவிற்கு உயர்ந்தது. ஹங்கேரியரான பெலா லுகோசி ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லையும் நிறுத்தி நிறுத்தி மொழிந்த அந்தத் தாழ்ந்த குரலை, அவ்வாறு வந்த நாடாக்களில் நாம் உள்ளவாறு கேட்டோமல்லேம்.

அதே அரங்க அமைப்புகளில், ஆங்கிலக் குழுவினர் பகலில் வேலை முடித்துச் சென்றபின், இரவிலே ஸ்பானிய மொழியில் வேறொரு 'டிராக்குலா' எடுக்கப்பட்டது. அமெரிக்காவிலிருந்த மூலத்தில் ஒரு சுருள் சிதைந்து போகவே, கியூபாக் காப்பகத்துப் பிரதியிலிருந்து அப்பகுதியை எடுத்து நிரப்பினர். முந்திய வட்டுகளில் அவ்விடத்திற் படம் மங்கிக் கீறல் மிகுவது நன்கு தெரியும். அம்மங்கல் இல்லையேல் படம் முழுமையாக இல்லை. இதனைக் குறைகூறுவாரைக் காணும்போது செல்லரித்த ஏட்டிலே எழுத்துத் தெளிவில்லை என்று முறைப்படுபவரின் நினைவு வருகின்றது.

முழுமை குன்றின் எத்தகைய தெளிவும் பயன்படாது என்பதற்கு ஜேம்ஸ் வேலின் 'பிராங்கென்ஸ்டைன்' சான்றாகும். 1931 இல் வெளிவந்த அப்படத்தில், பூக்களை நீரிலிட்டு விளையாடும் சிறுமியை அவ்வுருவம் ஏரியில் எறிகின்றது. பூ மிதந்ததுபோல அவளும் மிதப்பாள் என்பதே அதன் பேதைமை. கொடுமை மிகுதியெனக் கருதி அவ்விடத்தை வெட்டிவிட்டனர். விளைந்தது யாது? அது கையை நீட்டுவதையும், பின்னர்த் தந்தை பிணத்தைச் சுமந்துவருவதையும் மட்டுமே கண்டவர்கள், நடந்ததினும் இழிந்த ஒன்றைக் கற்பனை செய்தனர். பொறிஸ் கார்லொவ் முகத்திலே காட்டிய திகைப்பும் துயரும் ஐம்பதாண்டளவு மறைந்திருந்து, 1980களின் வீட்டு வெளியீடுகளிலே மீண்டு வந்தன. அவ்வகையில் வீடியோ இப்படத்துக்குப் பேருதவி செய்தது.

துப்புரவு செய்வோரை அஞ்சவேண்டிய இடமும் உண்டு. கார்ல் டிறேயரின் 'வாம்பயர்' 1932 இல் வெளிவந்தது. வில்லைக்கு முன்னே மெல்லிய துணியை நிறுத்தி, காட்சி முழுதும் வெண்புகை படர்ந்தாற்போல அவர் எடுத்தார். மூல நெகடிவ் கிடைக்காமையால் எஞ்சிய பிரதிகளிற் காலத்தால் வந்த மங்கலும் சேர்ந்துள்ளது. இவற்றுள் எது கலைஞன் செய்தது, எது காலஞ் செய்தது என்பதை எக்கணினியும் தானே அறிந்துரைக்காது. படச்சுருளின் வெள்ளி மணிகளால் ஆன துகட்பரப்பை அழுக்கென்று எண்ணித் துடைத்தாலும் இதுவே நேரும். துடைத்த முகங்கள் மெழுகு பூசியனபோல வழுவழுக்கும். தோலின் நுண்வரிகளும் துகளோடு மறையும்.

ஜோர்ஜ் ரொமெரோவின் 1968 ஆம் ஆண்டுப் படமாகிய 'உயிர்ப்பிணங்களின் இரவு' பெயர் மாற்றப்பட்டபோது, தலைப்பிலிருந்த பதிப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப் போயிற்று. அதனால் எவரும் எதனையும் படியெடுத்து விற்கலாயினர். மலிந்த நாடாக்களுள் மிக இழிந்தன பல இப்படத்தினவே. நியூயோர்க் நவீனகலை அரும்பொருளகத்தின் முயற்சியால் மூல நெகடிவிலிருந்து மீட்ட பிரதி 2016 இல் வெளிவந்தது. பழைய மங்கலே செய்திப்படம் போன்ற மெய்ம்மையைத் தந்தது என்று வருந்துவோரும் உளர். அவர் கூற்றை யான் முற்றிலும் தள்ளேன். ஆனால் அம்மங்கல் ரொமெரோ தந்ததன்று.

நல்ல வட்டு வாங்கியபின்னும் வேலை முடிவதில்லை. இக்காலத் தொலைக்காட்சிப் பெட்டிகள் பல, அசைவை மென்மையாக்குவதாகச் சொல்லி, இல்லாத சட்டங்களைத் தாமே புனைந்து இடையிற் செருகுகின்றன. பெட்டியின் அமைப்புப் பட்டியலிற் சென்று அதனை நிறுத்திவிடலாம். ஒளி அளவையுங் குறைத்து, அறைவிளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தல் நன்று. எம் கல்லூரி மண்டபத்திற் காட்டுவதாயின் மேற்குப்புறச் சாளரங்களுக்குத் திரையிடல் வேண்டும்.