வெஸ்ற் பொயின்ற் இராணுவக் கல்லூரி: புகுமுன் எண்ண வேண்டுவன



அமெரிக்க ஐக்கிய நாட்டிலே, நியூயோர்க் நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 50 மைல் தொலைவில், ஹட்சன் ஆறு வளைந்து செல்லும் ஓரிடத்தில், உயர்ந்த கரைமீது ஒரு கல்லூரி இருக்கின்றது. அது 1802ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. வெஸ்ற் பொயின்ற் என்பது அவ்விடத்தின் பெயர். கல்லூரியையும் உலகம் அப்பெயராலேயே அழைக்கின்றது. அந்நாட்டுத் தரைப்படைக்கு அதிகாரிகளைப் பயிற்றுவதே அதன் பணி. அங்கே கற்பதற்குக் கட்டணம் இல்லை. உணவும் உறையுளும் இலவசம். மாதந்தோறும் ஒரு சிறு படியும் கொடுக்கின்றார்கள். நான்கு ஆண்டுகளின் முடிவில் விஞ்ஞானப் பட்டமும் இரண்டாம் லெப்டினன்ட் என்னும் பதவியும் ஒருங்கே கிடைக்கின்றன.

இதனைக் கேட்கும் தகப்பனார் ஒருவர், "செலவில்லாத படிப்பாயிற்றே! பிள்ளையைச் சேர்த்துவிடலாமே!" என்று எண்ணுதல் இயல்பு. நம்மவர் பலருடைய உறவினர் இன்று அமெரிக்காவிலே குடியுரிமை பெற்று வாழ்கின்றனர். அவர்தம் பிள்ளைகளுக்கு இக்கல்லூரியின் வாயில் அடைக்கப்பட்டதன்று. பள்ளிக்கூடத் தலைவன் ஒருவனிடம் இத்தகைய விடயங்களிலும் ஆலோசனை கேட்கிறார்கள். ஆதலால், சேரும் வழி யாது, சேர்தல் தகுமா என்னும் இரண்டையும் இன்று உங்களுடன் ஆராயலாம் என்று எண்ணுகின்றேன்.

முதலில் வெளிப்படையான நிபந்தனைகள். சேரும் ஆண்டின் யூலை முதலாந் திகதியன்று வயது 17 நிரம்பியிருத்தல் வேண்டும். 23 நிரம்பியிருத்தல் ஆகாது. மணமாகாதவராகவும், பிள்ளைகளைத் தாபரிக்கும் சட்டக் கடமை இல்லாதவராகவும் இருத்தல் வேண்டும். அமெரிக்கக் குடியுரிமையும் வேண்டும். பிறநாட்டு அரசாங்கங்கள் தாமே தெரிந்து அனுப்பும் மாணவருக்கும் இடமுண்டு. ஆனால் அத்தகையோர் ஒரே வேளையில் 60 பேருக்கு மேல் அங்கே கற்றல் இயலாது. பெண்களுக்கு 1976ஆம் ஆண்டு முதல் அனுமதி உண்டு. அவ்வாண்டிற் சேர்ந்தவர்கள் 1980இல் அதிகாரிகளாய் வெளியேறினர்.

இனி, ஏனைய கல்லூரிகளில் இல்லாத ஒரு விதி இங்கே உண்டு. விண்ணப்பம் அனுப்பினால் மட்டும் போதாது. மக்களின் பிரதிநிதியொருவர் மாணவனின் பெயரை முன்மொழிதல் வேண்டும். காங்கிரஸ் சபையின் ஒவ்வோர் உறுப்பினர்க்கும், ஒவ்வொரு செனற்றர்க்கும், உப சனாதிபதிக்கும் இவ்வுரிமை உண்டு. அவர்களில் ஒருவர் முன்மொழிந்தோருள் ஐவர் வரையிலே ஒரு காலத்திற் கல்லூரியிற் கற்கலாம். ஓர் இடம் வெறுமையாகும்பொழுது அவர் சில பெயர்களை அனுப்புவார். இவ்விதியின் பயனாக நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் படைக்கு அதிகாரிகள் வருகின்றனர். செல்வாக்குள்ள சில குடும்பங்களே படையைத் தம் உடைமையாக்கிக் கொள்வதை இது ஓரளவு தடுத்திருக்கின்றது என்பது என் கருத்து.

"அரசியல்வாதியின் தயவு வேண்டுமோ?" என்று நம்மவர் உடனே கேட்பர். நம் அநுபவம் அப்படி! ஆனால் அங்கே பிரதிநிதியை நேரில் அறிந்திருத்தல் வேண்டுவதில்லை. அவருடைய கட்சியைச் சார்ந்திருத்தலும் வேண்டுவதில்லை. பலர் இதற்கெனத் தனிக் குழுக்களை அமைத்து, விண்ணப்பதாரிகளை நேர்முகமாக வினவித் தெரிவு செய்கின்றனர். அறிவுள்ள மாணவன் தன் பகுதியின் காங்கிரஸ் உறுப்பினருக்கும், தன் மாநிலத்துச் செனற்றர் இருவருக்கும், உப சனாதிபதிக்கும் தனித்தனியே எழுதுவான். படையிலே நெடுங்காலம் சேவை செய்தோரின் பிள்ளைகளுக்குச் சனாதிபதியின் முன்மொழிவு என வேறொரு வழியும் இருக்கின்றது. பெயர் முன்மொழியப்படுதல் சேர்க்கப்படுதல் ஆகாது என்பதையும் மறத்தல் கூடாது. அது வாயில்வரை அழைத்துச் செல்லுமேயன்றி உள்ளே கொண்டுபோய் இருத்தாது.

உள்ளே செல்வதற்குக் கல்வித் தகைமையே பெரிதும் உதவுகின்றது. கணிதத்திலும் ஆங்கிலத்திலும் விஞ்ஞானத்திலும் மாணவனுக்குக் கற்பித்த ஆசிரியர்களின் மதிப்பீட்டையும் கேட்கிறார்கள். தம்மிடம் கற்ற எல்லோரையும் "மிகச் சிறந்தவர்" என்றே எழுதிக் கொடுக்கும் ஆசிரியர் அவர்களுள் எவருக்கும் உதவி செய்பவரல்லர் என்பதை இவ்விடத்திற் சொல்லி வைக்கின்றேன். அடுத்து, விளையாட்டுக் குழுவின் தலைமை, மாணவர் சங்கப் பணி போன்றவற்றை நோக்குவர். உடற்றகுதிச் சோதனையும் உண்டு. ஒரு மைல் ஓட்டம், தண்டால் முதலியவற்றோடு, முழந்தாளில் நின்றபடி கூடைப்பந்தைத் தொலைவிற்கு எறிதலும் அதில் அடங்கும். வைத்திய பரிசோதனையோ மிகக் கண்டிப்பானது. எல்லாவற்றிலும் தேறிய பிள்ளை அதனாலே தடைப்படுதல் உண்டு.

இவையெல்லாம் அவர்கள் பிள்ளையைச் சோதிக்கும் முறை. பிள்ளை கல்லூரியைச் சோதித்துப் பார்க்கும் முறை யாது? பெற்றோர் பெரும்பாலும் எண்ணாது விடுவது இதனையே.

சேரும் நாளிலேயே ஆண்பிள்ளைகளின் தலைமயிரை ஒட்டக் கத்தரித்து, சீருடை அணிவித்து, மாலைக்குள் அணிவகுத்து நிற்கச் செய்கிறார்கள். அதன்பின் வகுப்புக்கள் தொடங்கும்வரை கோடைகாலப் பயிற்சி. மாணவர் அதனை "விலங்குக் கொட்டில்" என்னும் பொருள்படும் பெயரால் அழைப்பதிலிருந்தே அதன் தன்மையை ஊகித்துக் கொள்ளலாம். முதலாண்டு மாணவன் பேசுவதற்கும், நடப்பதற்கும், உண்பதற்கும் விதிகள் உள. பொய், களவு, வஞ்சனை ஆகியவற்றைத் தான் செய்யாதிருத்தல் மட்டும் போதாது. செய்தவனைப் பொறுத்துக்கொள்ளுதலும் குற்றமென்பது அங்குள்ள மாணவரின் நன்னெறிச் சட்டம். நண்பனைக் காட்டிக் கொடுக்கலாகாது என்று வளர்ந்த பிள்ளைக்கு, இந்த இறுதி விதி பயிற்சியெல்லாவற்றிலும் கடினமானது.

பாடங்களும் இலேசானவையல்ல. 1817ஆம் ஆண்டு முதல் 1833 வரை தலைவராயிருந்த சில்வானஸ் தேயர் என்பவர் வகுத்த முறையின்படி, மாணவன் பாடத்தை முன்னரே தானாகக் கற்று வந்து, வகுப்பிலே கரும்பலகையின் முன் நின்று விளக்குதல் வேண்டும். ஆசிரியர் ஊட்டுவார் என்று காத்திருக்க இயலாது. பிற்காலத்தில் இரண்டாம் உலகப் போரிலே பெரும் புகழ் பெற்ற தளபதி பற்றன், கணிதத்தில் தவறி, முதலாண்டை மீண்டும் கற்று, ஐந்து ஆண்டுகள் கழித்தே 1909இல் வெளியேறினார்.

"இலவசம்" என்ற சொல்லையும் சற்று ஆராய்வோம். முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் ஒருவன் விலக விரும்பினால் யாதொரு கடனுமின்றி விலகலாம். மூன்றாம் ஆண்டின் தொடக்கத்திலே அவன் உறுதிமொழி கூறுகின்றான். அதன்பின் விலகினால், தன் கல்விக்குச் செலவான பணத்தைத் திருப்பிக் கொடுக்க நேரும். அன்றேல் சாதாரணப் போர்வீரனாய்ச் சேவை செய்ய நேரும். பட்டம் பெற்றவனோ குறைந்தது ஐந்து ஆண்டுகள் படையிலும், அதன்மேல் மூன்று ஆண்டுகள் சேமப்படையிலும் கடமைப்பட்டிருக்கிறான். ஆகவே விலை உண்டு. 18 வயதிற் புகுந்தவன் தன் 30ஆம் வயதை அணுகும்வரை அதனைச் செலுத்துகின்றான். போர் மூண்டால் அவ்விலை எவ்வளவாகும் என்பதை முப்பதாண்டுக் காலம் போரைக் கண்ட நாட்டில் வாழும் நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

எவர் இதற்குப் பொருத்தமானவர் என்று முன்கூட்டியே காணுதல் எளிதன்று. யுலிசிஸ் கிராண்ட் 1839இல் அங்கே சென்றது தந்தையின் விருப்பத்தினாலேயே. இராணுவக் கல்லூரியை மூடிவிட வேண்டுமென்ற பிரேரணை அந்நாளிற் காங்கிரசில் இருந்தது. அது நிறைவேறாதா என்று அவர் பத்திரிகைகளைப் பார்த்துக் காத்திருந்தாராம்! கணித ஆசிரியராக வேண்டும் என்பதே அவருடைய ஆசை. 39 பேர் கொண்ட வகுப்பில் 21ஆவதாகத் தேறிய அவர், உள்நாட்டுப் போரை வென்று, பின்னர் சனாதிபதியுமானார். ஐசன்ஹோவர், தமையனின் படிப்புக்குப் பணம் உதவுவதற்காகப் பாலாடைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். தாமும் இலவசமாகக் கற்க வேண்டுமென்று கடற்படைக் கல்லூரியை நாடினார். வயது கடந்துவிட்டதனால் 1911இல் வெஸ்ற் பொயின்றிற் சேர்ந்தார். மறுபுறம், கவிஞர் எட்கார் அலன் போ, சாதாரணப் போர்வீரனாகச் சேர்ந்து சார்ஜன்ட் மேஜர் வரை உயர்ந்தவர். படைவாழ்வை அறிந்தே 1830இற் கல்லூரிக்குச் சென்றவர். சில மாதங்களில் மனம் வெறுத்து, அணிவகுப்பிற்கும் வகுப்பிற்கும் வேண்டுமென்றே செல்லாதிருந்து, 1831இல் நீக்கப்பட்டார். ஆயினும் அவருடைய கவிதைத் தொகுதி ஒன்று அச்சாவதற்குப் பணம் கொடுத்தவர்கள் அக்கல்லூரி மாணவர்களே.

ஆகவே விருப்பமின்றிச் சென்றவன் நிலைப்பதும், அறிந்து சென்றவன் மீள்வதும் நடந்திருக்கின்றன. எனினும் பெற்றோரின் பெருமைக்காகப் பிள்ளையை அனுப்புதலை நான் ஆதரிக்க மாட்டேன். கிராண்டின் கதையைத் துணைக்கு அழைப்போர், அவ்வாறு சென்று மனமுடைந்தோரின் கதைகள் நூல்களில் இடம்பெறுவதில்லை என்பதை எண்ணுதல் நன்று. பிள்ளையிடம் கேட்க வேண்டிய கேள்வி, "சீருடை பிடிக்குமா?" என்பதன்று. "இருபத்திரண்டு வயதில், முப்பது நாற்பது பேரின் உயிருக்கு நீ பொறுப்பேற்பாயா? பிறர் உயிரைப் பறிக்கும் கட்டளையையும் கொடுப்பாயா?" என்பதே கேள்வி. அதற்குத் தயங்கும் பிள்ளையைக் கோழை என்று எவரும் இகழலாகாது.

படையதிகாரியாக விரும்புவோர்க்கு இஃது ஒன்றே வழியுமன்று. சாதாரணப் பல்கலைக்கழகத்திற் கற்றுக்கொண்டே சேமப்படை அதிகாரிப் பயிற்சி பெற்று, அதே இரண்டாம் லெப்டினன்ட் பதவியை அடைவோர் மிகப் பலர். சங்கீதமோ இலக்கியமோ முதன்மையாகக் கற்க விரும்பும் பிள்ளைக்கு அவ்வழி பொருத்தமானது. கல்வித் தகைமை சற்றுக் குறைந்தோர் சிலரை, வெஸ்ற் பொயின்ற் தன் ஆயத்தப் பாடசாலையில் ஓராண்டு பயிற்றிப் பின்னர் ஏற்றுக்கொள்வதும் உண்டு.

காலத்தைப் பொறுத்தவரையில், உயர்தரப் பள்ளியின் இறுதியாண்டிற்கு முந்திய வசந்த காலத்திலேயே விண்ணப்பத்தைத் தொடங்குதல் வேண்டும். பிரதிநிதிகளுக்கான கடிதங்கள் அடுத்த இலையுதிர் காலத்திற்கு முன் செல்லுதல் நலம். விண்ணப்பித்தோர் கல்லூரிக்கே சென்று, மாணவர் ஒருவருடன் இருந்து, வகுப்புக்களையும் உணவு மண்டபத்தையும் காண்பதற்கு வசதி செய்திருக்கிறார்கள். பிள்ளை தனியே செல்லட்டும். தாய் தந்தையர் உடன் செல்ல வேண்டாம். அங்கே இறுதியாண்டு மாணவனிடம் அன்று, முதலாண்டு மாணவனிடம், அதுவும் மேலோர் எவரும் அருகில் இல்லாத வேளையில், "நேற்று எத்தனை மணிக்கு உறங்கினாய்? வீட்டுக்கு என்ன எழுதினாய்?" என்று கேட்டு வரட்டும்.