கரையிலிருந்து கப்பலுக்கு மின்சாரம்

துறையிலே கட்டப்பட்ட கப்பலுக்கும் விளக்கு, பம்பி, குளிரூட்டல் ஆகியவற்றுக்கு மின்சாரம் வேண்டும். அதற்காகத் தன் எந்திரங்களை ஓயாது இயக்கினால் புகை துறைமுக நகரைச் சூழும். இதனைத் தவிர்க்கச் சுவீடனின் கொத்தன்பேர்க் துறைமுகம் 2000ஆம் ஆண்டில் கரையிலிருந்தே உயரழுத்த மின்சாரம் வழங்கத் தொடங்கிற்று.

ஆயினும், வடத்தைச் செருகியவுடன் வேலை முடிந்ததென எண்ணலாகாது. முதலாவதாக, மின்னழுத்தமும் மீடிறனும் பொருந்தவேண்டும். பல கப்பல்களின் மின்சாரம் செக்கனுக்கு 60 சுற்று. ஐரோப்பியக் கரையிலோ 50. ஆதலின் இடையே மாற்றும் பொறி தேவை. இரண்டாவது, மூன்று அவத்தைக் கம்பிகளின் ஒழுங்கு. இவற்றுள் இரண்டு இடம்மாறினும் மோட்டார்கள் எதிர்த்திசையிற் சுழலும். தீயணைக்கும் பம்பியும் போதிய நீர் தராது. மூன்றாவது, புவித்தொடுப்பு. கப்பலின் உடல் கரையின் புவித்தொடுப்போடு இணையாவிடின், பழுது நேருமிடத்து இரும்பைத் தொடுபவரே மின்னுக்கு வழியாவார்.

எனவே, மின்னை நிறுத்தி, அது அற்றதைச் சோதித்து, புவித்தொடுத்த பின்னரே வடத்தைத் தொடவேண்டும். பொருத்திப் பூட்டியபின்பே ஆளியை இடவேண்டும். வற்றுப்பெருக்கிற் கப்பல் ஏறியிறங்குமாதலால் வடத்திற்குத் தளர்வும் அவசியம். கப்பல் புறப்படும் வேளையிலும், எத்துணை அவசரமாயினும், ஆளியை நிறுத்துவதே முதல். வடத்தைக் கழற்றுவது பின்பு.