உஷார்! பழைய என்விடியா லேப்டாப்பில் 590-ஐப் போட்டுவிடாதீர்கள்

திருப்பதியில் பி.டெக் படிக்கும் என் அக்கா மகன் ராத்திரி பதினோரு மணிக்கு சித்தூருக்குப் போன் போட்டான். "மாமா, ஃபேன் சுத்துது, லைட் எரியுது. ஸ்க்ரீன்ல ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக்கு மினுக்குங்குது." காலையில் நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள், ரிப்பேர் கடை ஒன்றில் ஃபார்மட் அடித்து முடித்திருந்தார்கள். மூன்று மாத ப்ராஜெக்ட் போயே போய்விட்டது. டிஸ்க்கில் ஒரு கோளாறும் இல்லை. முதல் நாள் அவன் மாற்றிய கிராஃபிக்ஸ் டிரைவர்தான் அத்தனைக்கும் காரணம்.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு நின்றது. பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடாமல் பலர் உபுண்டு, லினக்ஸ் மின்ட் என்று மாறுகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் வந்த என்விடியாவின் 590 டிரைவர், மேக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறை கார்டுகளைக் கைவிட்டுவிட்டது. ஆர்ச் லினக்ஸ் அந்த மாதமே தன் பயனர்களை எச்சரித்தது. மாணவர்கள் கையில் புழங்கும் ஜிடிஎக்ஸ் 1050, எம்எக்ஸ்150, எம்எக்ஸ்250 எல்லாம் பாஸ்கல்தான். இவற்றுக்குக் கடைசி வரிசை 580.

டிரைவர் பட்டியலில் பெரிய எண்தான் நல்லது என்று நினைத்துக் கை வைக்காதீர்கள். 580-லேயே 'ஓப்பன்' என்று வால் முளைத்த ஒன்றும் இருக்கும். அது டியூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பின் வந்தவற்றுக்கும் மட்டும், பாஸ்கலில் ஓடாது. எங்கள் பையன் மாட்டிக்கொண்டது இதில்தான்.

உங்கள் கார்டு எது என்று தெரியவில்லையா? டெர்மினலில் 'எல்எஸ்பிசிஐ' கட்டளை கொடுங்கள். என்விடியா வரியில் சிப் பெயர் ஜிபி என்று தொடங்கினால் பாஸ்கல், ஜிஎம் என்றால் மேக்ஸ்வெல், டியூ என்றால் டியூரிங். அரை நிமிட வேலை.

திரை கறுத்துவிட்டால் பதறாதீர்கள், யார் கையிலும் கொடுக்காதீர்கள். ஆன் செய்ததும் எஸ்கேப் விசையைத் தட்டினால் (பழைய மெஷினில் ஷிஃப்டை அழுத்திப் பிடித்தால்) க்ரப் என்ற பூட் பட்டியல் வரும். கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகு கறுத்ததென்றால், 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே போய் முந்தைய கெர்னலில் ஏறிப் பாருங்கள். பல சமயம் அதுவே போதும். டிரைவர் மாற்றியதால் என்றால், 'இ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடம் விட்டு 'நோமோட்செட்' சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். படம் மங்கலாக, பெரிது பெரிதாகத் தெரியும். தெரிந்தால் போதும்! முதலில் பென்டிரைவில் உங்கள் ஃபைல்களை எடுத்துவிடுங்கள். டிரைவரைப் பிறகு பார்க்கலாம்.

இன்னொன்று. செக்யூர் பூட் இருக்கும் லேப்டாப்பில் டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும். ரீஸ்டார்ட் ஆனதும் ஒரு நீலத் திரை வரும். முதலில் இருப்பது 'கன்டினியூ பூட்'. தெரியாமல் அதை அழுத்தினால் டிரைவருக்கான சாவி பதியாது, டிரைவர் ஏறவே ஏறாது. இரண்டாவதாக இருக்கும் 'என்ரோல் மோக்' எடுத்து அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். அன்று சாயங்காலம் பையன் திரும்ப உபுண்டு போட்டபோது, அந்த நீலத் திரை வரும்வரை நான் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.