சவுக்கொலியும் மூளையின் அலைகளும்

கண்டி எசல பெரஹரவில் முதலில் வருவது யானையல்ல; சவுக்கொலி. அதன் பின்னே கொப்பரை எரியும் பந்தங்கள். உலகெங்குமிருந்து பார்க்க வருகிறார்கள். வீதியோரத்து வீட்டிலேயே இருந்த என் சின்னம்மா மட்டும் அந்த நாட்களில் யன்னல்களைச் சாத்திவிட்டு, பின்னறையில் போய் உட்கார்ந்துகொள்வார்.

காரணம் எங்களுக்குத் தெரியாததல்ல. 1983 ஜூலை 26ஆம் திகதி பிற்பகல் பேராதனை வீதியில் ஒரு மருந்துக்கடை எரிந்தது. பிறகு காசல் வீதி, கொழும்பு வீதி, திருகோணமலை வீதி என்று தமிழர் கடைகள் எரிந்தன. சித்தப்பாவின் கடையும் அதில் ஒன்று. சின்னம்மா இரண்டு இரவுகள் பக்கத்துச் சிங்கள வீட்டு அடுக்களையில் ஒளிந்திருந்தார். அந்த வீட்டு அம்மா வாசலில் பாய் விரித்துக் காவல் படுத்தாராம்.

பதினொரு வருடம் கழித்து, பேசிக்கொண்டிருக்கும்போதே சின்னம்மா உறைந்துபோகத் தொடங்கினார். பார்வை எங்கோ நிற்கும், கை நடுங்கும். வலிப்பாக இருக்கலாம் என்று வைத்தியர் மூளை மின்னலைப் பதிவு எடுக்கச் சொன்னார். தலையெல்லாம் கம்பி ஒட்டி எடுத்த அந்த நீளமான கடதாசி சொன்னது: வழமையான பதிவு.

“அப்ப ஒண்ணும் இல்லைதானே, சும்மா பயந்துக்கிட்டு இருக்கா” என்றார் சித்தப்பா. நானும் தலையாட்டினேன். அதன்பின் சின்னம்மா தன் பயத்தைப் பற்றி எங்களிடம் வாய் திறக்கவில்லை. அந்தக் கடதாசி எதைச் சொன்னது, எதைச் சொல்லவில்லை என்பதை நான் படித்துத் தெரிந்துகொள்ள வருடங்கள் பிடித்தன.

இந்தப் பதிவின் கதையே ஒரு திகிலில்தான் தொடங்குகிறது. ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மானியர் இளமையில் படைப்பயிற்சியின்போது குதிரையிலிருந்து பீரங்கி வண்டியின் முன்னே விழுந்து, மயிரிழையில் தப்பினார். அன்று மாலையே தந்தையிடமிருந்து தந்தி: சுகமா? தூரத்தில் இருந்த தமக்கைக்குத் தம்பிக்கு ஆபத்து என்று மனதில் பட்டதாம். மனத்தின் சக்தி எப்படிப் பயணிக்கிறது என்று தேடப் புறப்பட்டவர், 1924இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிந்தார், 1929இல் வெளியிட்டார். தேடியது கிடைக்கவில்லை. கிடைத்ததோ வைத்திய உலகத்துக்குப் பெரும் கொடை.

கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது செக்கனுக்கு 8 முதல் 13 வரையான அல்பா அலைகள் எழும். விழிப்பும் பரபரப்பும் கூடினால் விரைவான பீட்டா அலைகள் மேலோங்கும். ஆழ்ந்த உறக்கத்தில் 4க்கும் குறைந்த டெல்டா. மனவடுப்பட்டவர்கள் பலரை ஒன்றாக வைத்து ஆராய்ந்தபோது, சில ஆய்வுகளில் அல்பா குறைந்தும், சிலவற்றில் பீட்டா மிகுந்தும் காணப்பட்டது. எல்லா ஆய்வுகளும் ஒத்துப்போகவுமில்லை. கணக்கிட்டுச் சராசரி பார்க்கும்போது தெரியும் இந்த வேறுபாடு, தனியொருவரின் கடதாசியைக் கண்ணால் பார்க்கும் வைத்தியருக்குத் தெரியாது. அவர் தேடியது வலிப்பின் அடையாளத்தை. அது இல்லை என்றார். அவ்வளவுதான். துயரம் இல்லை என்று அவர் சொல்லவேயில்லை. அதை நாங்கள்தான் சேர்த்து வாசித்தோம்.

இரவுக்கும் இதில் பங்குண்டு. காவல் விடாத மூளைக்கு ஆழ்ந்த உறக்கம் வாய்ப்பதில்லை. கனவு காணும் உறக்கமும் துண்டு துண்டாகிறது. மணமோ இன்னும் பொல்லாதது. மற்றப் புலன்களைப் போலச் சுற்றி வராமல், அச்சத்தை ஆளும் அமிக்டலா என்ற பகுதிக்குக் கிட்டத்தட்ட நேர்வழியில் போய்விடுகிறது. கொப்பரைப் புகையென்று அறிவு உணர்வதற்குள் உடல் 1983க்குப் போய்விடும்.

அச்சத்தை உடலில் தோன்றும் மெய்ப்பாடாகவே தொல்காப்பியர் வைத்தார். அதற்கு அவர் காட்டும் காரணங்கள் நான்கு. பேய், விலங்கு, திருடரோடு நான்காவதாகத் தன் நாட்டு அரசனையும் சேர்த்திருக்கிறார்! அமெரிக்க உளவைத்தியர் சங்கம் நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு நோயைத் தன் கையேட்டில் சேர்த்தது 1980இல்தான். யாழ்ப்பாணத்தில் இருந்து பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரால் காயப்பட்ட மனங்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் வந்தது 1998இல். அதே வருடம் ஜனவரி 25இல் தலதா மாளிகை வாசலில் குண்டு வெடித்தது. சிங்கள வீடுகளிலும் கதவு சாத்தும் சத்தத்துக்குத் திடுக்கிடுபவர்கள் உருவானார்கள். 2018 மார்ச்சில் திகனையில் முஸ்லிம்களின் கடைகள் எரிந்தபோது, இன்னொரு சமூகத்தின் பிள்ளைகள் அந்த மணத்தைப் படித்துக்கொண்டார்கள்.

சின்னம்மாவுக்குப் பிற்காலத்தில் ஓர் ஆலோசகர் கிடைத்தார். அவசரப்படுத்தாமல், வாரம் ஒருமுறை, அந்தப் பிற்பகலை முதலிலிருந்து சொல்லச் செய்தார். கேட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். அடுக்களையில் ஒளிந்திருந்தபோது இருமல் வந்துவிடுமோ என்று சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

அடுத்த பெரஹரவிலும் யன்னலைச் சாத்தத்தான் செய்தார். சவுக்குக்காரர்கள் தாண்டிப் போனபின், “யானை வந்துட்டுதா, பார்” என்றார்.